லைசென்ஸ் யார் கையில்?

சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கேனும் ஒரு பட்டாசு ஆலையில் சத்தம் கேட்டால், எத்தனை பேர் என்ற கேள்விக்கு அடுத்தபடியாக ஜனங்கள் கேட்பது இதைத்தான்: “எந்த லைசென்ஸ்? நாக்பூரா, டிஆர்ஓவா?” வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. ஒரே நேரத்தில் 15 கிலோ வெடிமருந்து வரை மட்டும் வைத்துக்கொள்ளும் சிறு ஆலைக்கு மாவட்ட நிர்வாகமே உரிமம் கொடுத்துவிடும். மாவட்ட வருவாய் அலுவலர் பெயரால் அது டிஆர்ஓ லைசென்ஸ். அளவு கூடினால் மத்திய வெடிபொருள் துறையின் சென்னை அலுவலகம். இன்னும் பெரிய ஆலை என்றால் நாக்பூரில் உள்ள அதன் தலைமையகம். எங்கோ மராட்டியத்தில் இருக்கும் ஒரு நகரத்தின் பெயர், கரிசல் காட்டில் நிற்கும் ஆலையின் அளவையும் முதலாளியின் அந்தஸ்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முகம் பல. அனுமதி என்பது முதல் பொருள். இலக்கணத்தை மீறக் கவிஞனுக்குக் கிடைக்கும் சலுகைக்கும் அதுவே பெயர். வரம்பில்லாத நடத்தை என்பதையும் அகராதி அதன்கீழ் தருகிறது. பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று ராஜாஜி சாடியபோது, அதிகாரிகளின் பிடி என்ற பொருளும் அதில் ஏறிக்கொண்டது. தீபாவளிக்கு முன்னால் தற்காலிகக் கடை போட ஆட்சியர் அலுவலகத்துக்கு அலையும் வியாபாரிக்கு அது சில வாரப் பிழைப்பு. சிவகாசி வட்டாரம் இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது. இங்கே லைசென்ஸ் என்றால் சொத்து. அதை வாடகைக்கு விடலாம்.

விதிப்படி விட முடியாது. ஆனாலும் விடுகிறார்கள். ஒருவர் பெயரில் லைசென்ஸ் இருக்கும். ஆலையின் அறைகளைப் பிரித்து நாலைந்து பேர் உள்குத்தகைக்கு எடுத்து நடத்துவார்கள். குத்தகைப் பணத்தைச் சீசனுக்குள் எடுத்தாக வேண்டும். அதனால் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற அறையில் கூடுதலாக ஆட்கள் உட்காருகிறார்கள். அறையில் இடம் போதாவிட்டால் மரத்தடியில் வேலை நடக்கிறது. கூலியோ செய்து முடித்த எண்ணிக்கைக்கு. அதனால் தொழிலாளியின் கையும் அவசரப்படுகிறது. அன்றன்றைக்குக் கலந்து அன்றன்றைக்கே தீர்க்க வேண்டிய மருந்து மிச்சமாகி, மறுநாள் காலைவரை கிடக்கிறது. உராய்வு என்று மறுநாள் செய்தித்தாளில் ஒரு சொல்லில் காரணம் எழுதிவிடுகிறார்கள். அந்த உராய்வுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஆலைக்கு லைசென்ஸ் இருந்தது. நடத்தியவர்கள் வேறு ஆட்கள், பல ஆட்கள். அதற்கு ஏறத்தாழ எட்டரை ஆண்டுகளுக்கு முன், 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலையில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. விதிமீறல்களுக்காக லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்ட பிறகும் அங்கே வேலை நடந்தது. முதல் வெடிப்பைக் கேட்டு ஓடிவந்த ஊர்க்காரர்களும் செத்தவர்களில் இருந்தார்கள். ஓர் ஆலையில் லைசென்ஸ் இருந்தும் காப்பாற்றவில்லை. மற்றொன்றில் அதை நிறுத்தியும் வேலை நிற்கவில்லை. அன்று காலை வேலைக்குப் போனவர்களுக்கு இரண்டில் ஒன்றாவது தெரிந்திருக்குமா?

தொழிலை மூடச் சொல்பவர்கள் நாம் இல்லை. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, அது பட்டாசுவரை வளர்ந்திராவிட்டால், மழை பொய்க்கும் இந்த மானாவாரி நிலத்தை நம்பி இத்தனை குடும்பங்கள் இங்கே தங்கியிருக்க முடியாது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தது. லைசென்ஸ் உள்ள வியாபாரிகள் மட்டுமே விற்கலாம் என்றது. அதன்பின் மாதக் கணக்கில் ஆலைகள் மூடிக்கிடந்தபோது அடுப்பு எரியாமல் கிடந்தது கூலிக்காரர் வீட்டில்தான். தடையும் தளர்வும் லைசென்ஸ் வைத்திருப்பவரை நோக்கியே பேசப்படுகின்றன. அறைக்குள் உட்கார்ந்து மருந்து செலுத்தும் பெண்ணை நோக்கி எந்தக் காகிதமும் பேசுவதில்லை.

அரசுத் தமிழில் இதற்கு உரிமம் என்று பெயர். அனுமதி என்றே வைத்திருக்கலாம். அனுமதி என்றால் கொடுத்தவர் திரும்பக் கேட்கலாம், நிபந்தனை தவறினால் பறிக்கலாம் என்பது நினைவில் நிற்கும். உரிமம் என்றதும் உரிமை என்று காதில் விழுகிறது. பட்டா போலப் பத்திரப்படுத்தத் தோன்றுகிறது. பேரை மாற்றினால் சாவு நின்றுவிடும் என்று நாம் நம்பவில்லை. அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பது யாருடைய உயிரைப் பற்றியதோ, அவர்கள் கண்ணில் அது படவேண்டும் என்கிறோம்.

ஆகவே நாம் கேட்பது இது. ஒவ்வொரு ஆலையின் வாசலிலும், தூரத்திலிருந்தே படிக்கும்படியான எழுத்தில், தமிழில் ஒரு பலகை வேண்டும். லைசென்ஸ் யார் பெயரில், என்று முடிகிறது, எத்தனை கிலோ வரை வைக்கலாம், எத்தனை அறைகள், அறைக்கு எத்தனை பேர், எந்த ரகங்கள் செய்யலாம், பொறுப்பான போர்மேன் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டால் அந்தச் செய்தியை அதே பலகையில் அதிகாரிகளே ஒட்ட வேண்டும். பக்கத்து ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். வேன் ஏறி வேலைக்கு வருகிறவர் இறங்கியதும் படித்துவிட்டு, உள்ளே போவதா திரும்புவதா என்று முடிவு செய்யட்டும். திரும்பிப் போனவருக்கு அன்றைய கூலியை ஆலை கொடுக்கட்டும். அது இல்லாமல் பலகைக்குப் பயன் இல்லை.

தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் சேர்ந்தே இதை மாவட்ட ஆட்சியரிடம் வைக்கலாம். ஒழுங்காக நடத்தும் முதலாளிகளுக்கு இதில் இழப்பு ஏதுமில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்து வாசகர்கள் வரும் கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து, நகலை நமக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.