போதுமென்னும் மனம்

போதுமென்ற மனத்தைப் பொன் செய்யும் மருந்தென்று நம் நாட்டுப் பழமொழி போற்றுகின்றது. இம்மருந்தைப் பிறர்க்கு எடுத்துரைப்போர் பலர். தாமே உண்போர் சிலர். வயிறு நிரம்பிய ஒருவன் பசித்தவனை நோக்கி, ‘உள்ளது போதுமென்றிரு’ என்பானாயின், அஃது அறவுரையாகுமோ? ஆகாது. ஆதலின், கிறிஸ்து மார்க்கம் கூறும் மனநிறைவு யாது, அஃது யாரை நோக்கிக் கூறப்பட்டது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசற்பூமியில் வாழ்வோர்க்குப் ‘போதும்’ என்னும் சொல்லின் பொருள் நன்கு விளங்கும். அங்கே ஆற்றுப்பாசனம் அரிது. வடகீழ்ப் பருவமழையே உழவர்க்குத் துணை. ஐப்பசி கார்த்திகையில் மழை வாய்ப்பின் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும். பொய்ப்பின் பாளம் பாளமாக வெடித்த நிலமே எஞ்சும். மழை மிகுந்தாலும் கேடே. கரிசல் நீரை எளிதில் விடாதாகலின் பயிர் வேரழுகி மடியும். ஆகவே உழவன் வேண்டுவது மிகுந்த மழையன்று, அளவான மழையே. குறைவும் கேடு, மிகுதியும் கேடு என்னும் உண்மையை அந்நிலம் ஆண்டுதோறும் கற்பிக்கின்றது.

வேதமும் இதனையே கற்பிக்கின்றது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மன்னாவைப் பெற்ற வரலாறு யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் உளது. அங்கே ஒவ்வொருவர்க்கும் அன்றன்றைக்கு வேண்டிய அளவே கிடைத்தது. மறுநாளைக்கென்று பதுக்கியது புழுத்துக் கெட்டது. இவ்வரலாற்றைக் கூறுவோர் பதுக்கியவன் கெட்டதை மட்டும் கூறி நின்றுவிடுகின்றனர். குறைவாகச் சேர்த்தவனுக்கும் ஒரு குறைவுமில்லாதிருந்ததென்பது அவ்வரலாற்றின் மற்றைப் பாதியன்றோ? மிகுதியை விலக்கிய இறைவனே குறைவையும் விலக்கினார்.

அப்போஸ்தலராகிய பவுல் பிலிப்பியர்க்கு எழுதிய நிருபத்தின் 4ஆம் அதிகாரமும் நோக்கற்பாலது. எந்நிலையிலும் மனநிறைவோடிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக அவர் கூறுவது, விலங்கு பூண்டு காவலிலிருந்த காலத்தில். அந்நிறைவு அவரோடு பிறந்ததன்று, கற்றுக்கொண்டது. அதனைத் தம்மைக் குறித்தே கூறினாரன்றிப் பசித்த அயலானை அடக்குதற்குக் கூறினாரல்லர். அவ்வதிகாரத்திலேயே, தம் துன்பத்திற் பங்கு கொண்டு பொருளுதவி செய்த பிலிப்பியரை அவர் மனமுவந்து பாராட்டுகின்றார். ‘எனக்குப் போதும்’ என்பவனே பிறன் குறையைக் காணும் கண்ணுடையவன்.

இங்ஙனம் வாழ்ந்து காட்டிய ஒருவரை நம் கரிசற்சீமையும் அறியும். தாமஸ் கஜேத்தான் ராக்லந்து என்பார் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1841ஆம் ஆண்டு கணிதத் தேர்வில் நான்காமிடம் பெற்று, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் பெல்லோவாக அமர்ந்தவர். கல்வியும் பதவியும் மதிப்பும் அவர்க்கு அங்கேயே காத்திருந்தன. அவற்றை விடுத்துச் சென்னைக்கு வந்து சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். பின்னர் அப்பதவியையும் விட்டு, 1854ஆம் ஆண்டில் பென், மெடோஸ் என்னும் தோழரிருவரோடு அந்நாளைய திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியிற் கூடாரமடித்து ஊரூராகத் திரிந்தார். தெற்கேயுள்ள சபையார் தம் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பி அவர்க்குத் துணை நின்றனர். வெயிலும் நோயும் அவர் உடலை வருத்தின. 1858ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22ஆம் நாள், தம் 43ஆம் வயதில், சிவகாசியில் உயிர் நீத்தார். அவர் துறந்தது தம்முடையதை, பிறர்க்குரியதை அன்று. இழத்தற்கு ஒன்றுடையவன் வாயிலிருந்தே ‘போதும்’ என்னும் சொல் பெருமையோடு பிறக்கும்.

இனி, இதே மண்ணில் பின்னாளில் நிகழ்ந்ததை நோக்குக. மழையை நம்பி வாழ இயலாத குடும்பங்கட்குத் தீப்பெட்டித் தொழில் கஞ்சி வார்த்தது உண்மையே. ஆயின் கட்டையடுக்குதலிலும் பெட்டியொட்டுதலிலும் சிறுவர் பலர் பள்ளிப் பருவத்தை இழந்தனர். தீப்பெட்டி, பட்டாசு செய்யுந் தொழில்களிற் குழந்தைகளைக் கூலிக்கமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அச்சிறுவரை நோக்கி ‘உள்ளது போதும்’ என்று கூறியிருத்தல் தகுமோ? கூலியாளின் ஊதியத்தைப் பிடித்துவைக்கும் செல்வரை யாக்கோபு தம் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் எத்துணைக் கடுமையாகக் கண்டிக்கின்றார்! அவ்வேதத்தைக் கைக்கொண்ட நாம் வறுமையை ஓர் அணிகலனாகப் புனைந்துரைத்தல் முறையன்று. வள்ளுவரும் அவாவறுத்தலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தது போலவே, நல்குரவின் கொடுமையை உரைத்தற்கும் வேறோர் அதிகாரம் வகுத்தார். அவாவை அறுக்க வேண்டும். வறுமையையும் அகற்ற வேண்டும். இவ்விரண்டும் ஒரே அறத்தின் இரு கைகள்.

‘பொருள் தேடாதிருப்பின் பிறர்க்கு உதவுவது எங்ஙனம்?’ என வினவுவாருளர். தக்க வினாவே. பொருள் தேடுதல் குற்றமன்று. எவ்வளவு போதுமென்று வரையறாது தேடுதலே குற்றம். வரம்பில்லாத வயலில் நீர் நில்லாதவாறு போல, வரையறையில்லாத உள்ளத்தில் எத்துணைச் செல்வம் பாயினும் நிறைவு நில்லாது. நிறைவைச் செல்வத்தில் தேடுவோன், தன்னினும் மிக்க செல்வனைக் காணுந்தோறும் வறியவனாகின்றான். இறைவன் தன்னை மகனாக ஏற்றுக்கொண்டானென நம்புவோனுக்கோ, தன் மதிப்பைப் பணத்தால் நிலைநாட்ட வேண்டுவதில்லை. அச்சம் நீங்கிய அவன் கை எளிதில் விரிகின்றது.

மாணவ நண்பர்களே! நம்மிற் பலர் சில ஆண்டுகளில் ஊதியம் பெறுவோம். ஊதியம் வந்தபின் அளவை வகுக்கப் புகுந்தால், அளவும் ஊதியத்தோடு கூடவே வளர்ந்துவிடும். ஆதலின், கையில் ஒன்றுமில்லாத இந்நாளிலேயே, ‘எனக்கு இவ்வளவு போதும்’ என்று உள்ளத்தில் வரம்பு கட்டுவோமாக. அவ்வரம்புக்கு அப்பாற் பெருகுவது, போதிய அளவு இன்னும் எய்தாத அயலானுக்குரியது. அன்றன்றைய அப்பத்தை வேண்டக் கற்பித்த நம் பெருமான், ‘எனக்கு’ என்னாது ‘எங்களுக்கு’ என்றே வேண்டக் கற்பித்தாரென்பதை மறவாதிருப்போமாக.