நாள் கூலி 176 ரூபாய்: ‘அடித்தள ஊதியம்’ இனி உயருமா?

நாட்டில் எந்தத் தொழிலாளிக்கும் நாள் கூலி இதற்குக் கீழே போகக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசு சொன்ன தொகை 176 ரூபாய். 2019-ல் அதை 178 ஆக்குவதாக அறிவித்தார்கள். உயர்வு வெறும் 2 ரூபாய்! மாதம் 26 நாள் வேலை பார்த்தாலும் கைக்கு வருவது 4,628 ரூபாய்தான்.

அது சட்டமா?

இல்லை. 1996-ல் 35 ரூபாயில் தொடங்கிய இந்த அடித்தள ஊதியம், மாநிலங்களுக்கு மத்திய அரசு சொன்ன யோசனை மட்டுமே. 1948-ம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமோ, பட்டியலில் உள்ள தொழில்களுக்குத்தான் பொருந்தியது. பட்டியலில் இல்லாத வேலை என்றால், முதலாளி கொடுப்பதுதான் சம்பளம்.

இப்போது என்ன மாற்றம்?

2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. இதன்படி குறைந்தபட்ச ஊதியம் எல்லாத் தொழில்களுக்கும் பொருந்தும். மத்திய அரசு நிர்ணயிக்கும் அடித்தள ஊதியத்தைவிடக் குறைவாக எந்த மாநிலமும் நிர்ணயிக்க முடியாது. ஏற்கெனவே அதிகம் தரும் மாநிலங்கள் குறைக்கவும் முடியாது. ஆனால், எவ்வளவு ரூபாய் என்று சட்டத்தில் இல்லை. சிக்கலே அங்குதான்.

எவ்வளவு இருந்தால் சரி?

அரசே அமைத்த அனூப் சத்பதி குழு, ஒரு குடும்பத்தின் உணவு, உடை, வீட்டுச் செலவுகளைக் கணக்கிட்டு, 2018 விலைவாசிப்படி நாளுக்கு 375 ரூபாய் என்று 2019-ல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு வந்த அறிவிப்புதான் 178. இன்னொரு பக்கம், மத்திய அரசின் வரம்புக்குள் வரும் வேலைகளில், பெருநகரங்களில் திறன்சாரா தொழிலாளிக்கு 2024 அக்டோபரில் அமலுக்கு வந்த கூலி 783 ரூபாய்!

தயக்கம் ஏன்?

கூலி கூடினால் சிறு நிறுவனங்கள் ஆள் குறைக்கும் என்பது ஒரு வாதம். குறைந்த கூலியைக் காட்டித்தான் தொழிற்சாலைகளை ஈர்க்க முடியும் என்று சில மாநிலங்கள் நினைக்கலாம். ஆனால், அப்படி ஒன்றையொன்று போட்டி போட்டுக் கூலியைக் குறைக்காமல் தடுக்கத்தானே அடித்தளமே?

யாருக்குக் கிடைக்காது?

வீட்டு வாசலுக்குச் சாப்பாடு கொண்டுவருபவருக்கு! செயலி வழி வேலை செய்பவர்கள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில்தான் வருகிறார்கள்; குறைந்தபட்ச ஊதியத்தில் அல்ல. அடித்தளத்தை எவ்வளவு உயர்த்தினாலும், அதன் மேல் நிற்க அவர்களுக்கு இன்னும் இடமில்லை.