வதந்தியும் மனச்சாட்சியும்

கொல்லிமலை அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலம் முதலிய ஊர்களின் கோழிப்பண்ணைக்காரர்கள் 2020-ம் வருஷத் தொடக்கத்தில் அடைந்த நஷ்டத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். கோழியிறைச்சியும் முட்டையும் கொரோனா நோயைப் பரப்புகின்றன என்ற வதந்தி ஊர் ஊராய்ப் பரவிற்று. அதற்கு ஆதாரமில்லையென்று மத்திய சர்க்கார் தெரிவித்தும் நாமக்கல்லில் முட்டை விலை சரிந்தது. அச்செய்தியைக் கைபேசியில் அனுப்பியவர் யாவரும் அதை நம்பியே அனுப்பினார்கள் என்று நாம் கருதவில்லை. நம்பாத பொய்யை ஒருவர் ஏன் பரப்ப வேண்டும்?

வதந்தியைப் பற்றிய ஆராய்ச்சி நம் தேசத்திற்குப் புதிதன்று. 1934 ஜனவரி 15-ந் தேதி பீஹாரில் நேர்ந்த பூகம்பத்திற்குப் பின் உலவிய வதந்திகளைத் திரட்டி, ஜமுனா பிரசாத் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1935-ல் கட்டுரை வெளியிட்டார். இன்னும் பெரிய கேடு வரப்போகிறதென்ற வதந்திகள் அவற்றில் பல. அச்சமுற்ற மனம் தன் அச்சத்திற்கு இசைந்த கதையையே நாடுகிறதென்பது இதனால் விளங்கும்.

ஆனால் அச்சம் ஒன்றே காரணமென்று சொல்வதற்கில்லை. டானியல் எஃப்ரான், மேதா ராஜ் என்னும் இருவர் 2,587 அமெரிக்கர்களைக் கொண்டு நடத்திய சோதனைகளின் முடிவை 2020-ல் வெளியிட்டனர். ஒரு பொய்ச் செய்தியின் தலைப்பை முன்னர் ஒரே தடவை பார்த்திருந்தவர்கள்கூட, அது பொய்யென்று தெரிந்திருந்தும், அதைப் பரப்புவது அவ்வளவு பெரிய தவறன்று என்று எண்ணத் தலைப்பட்டார்களாம். அறிவு விழித்திருக்கையிலேயே மனச்சாட்சி கண்ணயர்ந்துவிடுகிறது!

இதன் விளைவு பண நஷ்டத்தோடு நிற்பதில்லை. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை ஜில்லாவில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிப்பவரென்று எண்ணி ஜனக்கூட்டம் அடித்துக் கொன்றது. பிள்ளை பிடிப்போரைப் பற்றிய வதந்திகள் அதற்கு முன்பே கைபேசிகளில் உலவியிருந்தன. அடித்தவர் சிலர், அவ்வதந்தியைச் சுமந்து சேர்த்தவர் பலர். முன்னவரைச் சட்டம் தேடும். பின்னவரை அவரவர் மனச்சாட்சியே விசாரிக்க வேண்டும்.

சர்க்காரின் சட்டமும் மறுப்பு அறிக்கையும் அவசியமே. எனினும் அவை வந்து சேருமுன் வதந்தி பத்து ஊர்களைக் கடந்துவிடுகிறது. ஆகவே காவல் நம்மிடமே தொடங்க வேண்டும். சந்தையிலாயினும் கைபேசியிலாயினும் ஒரு பொய் முதல் தடவை எதிர்ப்படும்போதே, அனுப்பியவர் உறவினரேயாயினும், “இது பொய், இதை அனுப்பாதீர்கள்” என்று கூறும் துணிவு வேண்டும். பத்தாம் தடவை கேட்கும்போது அச்சொல் நாவில் எழாது. பொய் அதற்குள் நமக்குப் பழகிப்போயிருக்கும்.