மல்லாட்டைத் தோலும் கரும்புச் சோகையும் எரிபொருள் ஆகலாம், காசு யாருக்கு?

திண்டிவனம், விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு மல்லாட்டை மூட்டை மூட்டையாக வருகிறது. நூறு கிலோ காயை உடைத்தால் பருப்பு சுமார் 70 கிலோ, மீதி தோல். முண்டியம்பாக்கம், பெரியசெவலை போன்ற ஊர்களின் சர்க்கரை ஆலைகளில் ஒரு டன் கரும்பை அரைத்தால், ஈரத்தோடு 280 முதல் 300 கிலோ வரை சக்கை மிஞ்சும். வெட்டிய வயலில் கிடக்கும் சோகை தனிக் கணக்கு.

இதையெல்லாம் டீசலில் கலக்கும் பொருளாக மாற்ற முடியும். சரி, மாறட்டும். அந்த வருமானத்தில் விளைவித்தவருக்குப் பங்கு உண்டா? ஆலை வருவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

எப்படி மாறுகிறது?

செடியின் உடம்பில் முக்கியமாக இருப்பவை மூன்று: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். முதல் இரண்டும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகள். நீர்த்த கந்தக அமிலத்தோடு சுமார் 200 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் செல்லுலோஸ் சங்கிலி அறுந்து குளுக்கோஸ் ஆகும். அதுவும் உடைந்து லெவுலினிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் என இரண்டாகும். ஹெமிசெல்லுலோஸ் முக்கியமாக ஃபர்ஃபியூரால் தரும்.

லெவுலினிக் அமிலத்தோடு எத்தனால் சேர்ந்தால் எத்தில் லெவுலினேட். இதில் ஆக்சிஜன் இருப்பதால், டீசலில் அளவாகக் கலந்தால் கரும்புகை குறையும். இந்த வினைகளில் அமிலம் வெறும் வினையூக்கி. வேலையை வேகப்படுத்தும், தான் தீர்ந்துபோகாது.

புதுசா இது?

இல்லை. அமெரிக்காவின் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1920-களிலேயே ஓட்ஸ் உமியிலிருந்து ஃபர்ஃபியூரால் எடுத்தது. நம் நாட்டில், அசாமின் நுமாலிகரில் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட ஆலை, மூங்கிலிலிருந்து எத்தனாலோடு ஃபர்ஃபியூராலும் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது.

சிக்கல் எங்கே?

கந்தக அமிலம் மலிவு. ஆனா, இரும்பை அரிக்கும். கடைசியில் சுண்ணாம்பு போட்டு அதை முறித்தால் ஜிப்சம் கசடு குவியும். திட அமில வினையூக்கி என்றால் வடிகட்டி எடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால், வினையில் உண்டாகும் தார் போன்ற கறுப்புப் பிசின் அதன் மேல் படிந்து வேலையைக் கெடுத்துவிடும். நிலத்தடி நீரை நம்பி விவசாயம் நடக்கும் ஊர்களில், அமிலக் கழிவை என்ன செய்யப்போகிறோம் என்பதற்கு ஆலையின் முதல் செங்கல் வைக்கும் முன்பே பதில் வேண்டும்.

அடுத்தது, ‘கழிவு’ என்ற சொல். சக்கை சும்மா கிடக்கவில்லை. ஆலைக் கொதிகலனில் அதுதான் விறகு. மல்லாட்டைத் தோலும் அடுப்புக்குப் போகிறது. வைக்கோல் மாட்டுக்குத் தீனி. உண்மையில் வீணாவது வயலிலேயே கொளுத்தப்படும் சோகைதான். அதிலும் ஒரு பகுதியை மூடாக்காக விட்டால்தான் மண்ணில் ஈரம் நிற்கும். சோகை எடை குறைவு, இடத்தை அடைக்கும். லாரியில் வெகுதூரம் கொண்டுபோனால் வாடகைக்கே கட்டாது. ஆகவே பக்கத்து ஊர்களில் கட்டுகட்டிச் சேர்க்கும் சிறு மையங்கள் வேண்டும்.

விவசாயிக்கு என்ன?

மத்திய அரசின் கரும்பு விலை, சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. சக்கைக்குத் தனி விலை அதில் இல்லை. 2012-இல் சி.ரங்கராஜன் குழு, சர்க்கரையோடு சக்கை, கழிவுப்பாகு, ஆலைச்சேறு ஆகிய உபபொருட்களின் மதிப்பையும் சேர்த்து, அதில் 70 சதவீதத்தைக் கரும்பு விலையாகத் தரலாம் என்று பரிந்துரைத்தது. சக்கை விறகாக இருக்கும்வரை அந்தப் பேச்சுக்கு அவசரம் இல்லாமல் இருந்திருக்கலாம். அது எரிபொருள் மூலப்பொருளாகும் நாளில் தள்ளிப்போட முடியாது.

எனவே மானியமோ நிலமோ கொடுக்கும்போதே அரசு மூன்று நிபந்தனைகளை எழுதி வாங்க வேண்டும்: சோகைக்கு டன் கணக்கில் விலை, சக்கை வருமானத்தில் கரும்பு விவசாயிக்குப் பங்கு, அமிலக் கழிவுக்கு வெளிப்படையான கணக்கு. ஆலை ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.