தேடினால் கிடைக்க வேண்டும்!

பல்கலைக்கழக நூலகங்களுக்கு இது கருவிகளின் காலம். புத்தகத்தை வாசகரே பதிந்து எடுத்துச்செல்ல ஆர்.எஃப்.ஐ.டி. இயந்திரம், கருத்துத் திருட்டைக் கண்டறிய மென்பொருள், கேட்டதற்குப் பதில் சொல்லச் செயற்கை நுண்ணறிவுச் செயலி என்று வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்து, 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிக்கலாம். வேதியியலோ பொருளியலோ பயிலும் மாணவருக்கு இது பெரிய வரம். தமிழ் இலக்கியத்திலும் தமிழக வரலாற்றிலும் ஆய்வு செய்பவரின் நிலைமை வேறு. அவருக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி நம் பல்கலைக்கழகங்களிலேயே எழுதப்பட்டவை. ஆனால் தேடினால் அகப்படாதவை.

முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை அளிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி வகுத்தது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையத்தின் ‘ஷோத்கங்கா’ தளத்தில் அவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், அங்குள்ள தமிழ் ஆய்வேடுகளில் பல வெறும் பக்கப் படங்கள். வேறு பல, பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கோப்பின் உள்ளேயோ ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் பதிந்திருக்கும். தேடுபொறிக்கு அது தமிழே அல்ல. ஐந்தாண்டு உழைத்து எழுதிய ஆய்வில் ஓர் ஊர்ப்பெயரையோ கல்வெட்டையோ தேடினால், ‘முடிவுகள் இல்லை’ என்றுதான் வரும். ஏற்கெனவே செய்து முடித்த ஆய்வை இன்னொருவர் முதலிலிருந்து தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நூற்பட்டியலின் கதையும் இதுவே. நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக உருவாகி, இலவசமாகக் கிடைக்கும் ‘கோஹா’ மென்பொருளை நம் கல்லூரிகள் பலவும் பயன்படுத்துகின்றன. அதில் தமிழிலேயே பதிய முடியும். இருந்தும், தமிழ் நூல்களின் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதியும் பழக்கம் போகவில்லை. சிலப்பதிகாரத்தை ஒருவர் ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கியிருப்பார், இன்னொருவர் ‘சி’யில். மாணவர் தமிழில் தேடினால் இரண்டுமே சிக்காது. நூல் அலமாரியிலேயே இருக்கும்.

இந்த நிலையில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்குச் சந்தா கட்டுவது, சாவி தொலைந்த பீரோவுக்கு வர்ணம் பூசும் வேலை. இயந்திரம் படிக்கக்கூடிய எழுத்து இருந்தால்தான் அந்தக் கருவி அதிலிருந்து எடுத்துச் சொல்லும். இல்லாத இடத்தில் கற்பனை செய்யும். எழுதப்படாத கட்டுரைக்குத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்த்துத் தந்துவிடும். அதை நம்பி வந்து கேட்கும் வாசகருக்காக, இல்லாத கட்டுரையைத் தேடி அலையும் வேலை உலகெங்கும் நூலகர்கள் தலையில் விழுந்திருக்கிறது. கணினியில் தேடக்கூடிய ஆய்வெழுத்து குறைவாக உள்ள தமிழில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இவற்றைச் சரிசெய்யச் செலவாகுமே என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஆகாது. தமிழைத் தமிழாகவே பதியும் ‘யூனிகோட்’ என்ற ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. புதிய ஆய்வேடுகளை அதில் கேட்டு வாங்கக் காசு வேண்டாம், கண்டிப்பு போதும். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை மாற்றித்தர இலவச மென்பொருள்கள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. படமாக உள்ளவற்றுக்குத்தான் உழைப்பு தேவை. தற்கால அச்சை எழுத்துணரி மென்பொருள் தேடலுக்குப் போதுமான அளவு படித்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் வரும் பழைய ‘லை’, ‘னை’, ‘றா’, ‘னா’ வடிவங்களில் அது தடுமாறும். அங்கே மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும். தமிழ் முதுகலை மாணவர்களுக்கு ஊதியம் கொடுத்து இந்தப் பணியைத் தரலாம். ‘நாக்’ குழுவின் தர மதிப்பீட்டுக்காக வாசலில் மின்னணுக் கதவு வைக்கக் கிடைக்கும் பணம், இதற்கு மட்டும் கிடைக்காதா?

எனவே மூன்று முடிவுகள் உடனே தேவை. ஒன்று, வரும் கல்வியாண்டு முதல் ஒருங்குறிக் கோப்பு இல்லாத தமிழ் ஆய்வேட்டை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்கக் கூடாது. இரண்டு, மாநிலப் பல்கலைக்கழகங்கள் தமிழ் எழுத்திலான பொது நூற்பட்டியலைச் சேர்ந்து உருவாக்க வேண்டும். ஒரு நூலை ஓரிடத்தில் சரியாகப் பதிந்தால் மற்ற நூலகங்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். மூன்று, காலியாக உள்ள கல்லூரி நூலகர் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்பி, இந்தப் பணிக்கான பயிற்சியும் தர வேண்டும். புத்தகம் எடுத்துக்கொடுக்க மட்டும் ஒருவரை ஒப்பந்தத்தில் அமர்த்திவிட்டு நவீன நூலகம் என்று பெயர்ப்பலகை மாட்டுவதால் பயனில்லை.

1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. வாங்கும் ஒவ்வொரு கருவிக்கும் அதுவே அளவுகோலாகட்டும். தன்னிடம் உள்ள தமிழ் ஆய்வேடுகளைத் தேடிப் படிக்க வழிசெய்யாத பல்கலைக்கழகம் புதிய கருவிகளுக்கு நிதி கேட்கக் கூடாது. கேட்டாலும் அரசு தரக் கூடாது.