நாளைக்குப் பார்த்துக்கலாமா?

விடிவதற்கு முன்பே எழுந்து பெரட்டுக்கு ஓடுகிறவனைச் சோம்பேறி என்று யாராவது சொல்ல முடியுமா? மரம் சீவி, பால் சேர்த்து, வெயில் ஏறுவதற்குள் ஸ்டோரில் கொண்டுபோய்ச் சேர்க்கிற பெண்ணைச் சொல்ல முடியுமா? முடியாது. அப்படிப்பட்ட நம் மக்கள் வீட்டில் ஒரே ஒரு வேலை மட்டும் வருடக்கணக்காகக் கிடப்பில் கிடக்கிறது. அதுதான் பத்திரக் காரியம்.

பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பன்னிரண்டு வயதில் எடுக்க வேண்டிய அடையாளக் கார்டு, கல்யாணப் பதிவு, சேமநிதிப் பணத்துக்கு வாரிசு பெயர் எழுதுவது - எதைக் கேட்டாலும், "தீபாவளி கழியட்டும், நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்ற பதில்தான்.

இந்த 'நாளைக்கு' நமக்குப் புதிதல்ல. 1957-ல் நாடு சுதந்திரம் பெற்றபோது, பல ஆண்டுகளாக இங்கே வாழ்ந்தவர்கள் ஓராண்டுக்குள் மனுச் செய்தால், மலாய் மொழிச் சோதனை இல்லாமலே குடியுரிமை பெறப் பலருக்கு வழி இருந்தது. விவரம் தெரியாமல் இருந்தவர் பலர். ஊருக்குத்தானே திரும்பப் போகிறோம் என்று இருந்தவர் பலர். தெரிந்தும் தள்ளிப் போட்டவர்களும் உண்டு. 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969-க்குப் பிறகு பெர்மிட் இல்லாமல் வேலையிழந்து, ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள்.

இன்றைக்கும் அதே கதைதான். 1982 மார்ச் முதல், கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும். பதியாத கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளை தாயின் குடியுரிமை நிலையைத்தான் பெறும். தாயிடம் இருப்பது சிவப்புக் கார்டு என்றால், அப்பன் நீலக் கார்டு வைத்திருந்தும் பிள்ளை தவிக்கிறது.

ஏன் தள்ளிப் போடுகிறோம்? உண்மையைச் சொல்வோம். ஒருநாள் சம்பளம் போகும். பாரம் நிரப்பத் தெரியாது. கவுண்டரில் அதட்டுவார்களோ என்ற பயம். போன தடவை ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்பிய கசப்பு. இது சோம்பல் இல்லை, தயக்கம். ஆனால் தள்ளத் தள்ள பயம் குறையாது, வளரத்தான் செய்யும். பிரசவம் பார்த்த பாட்டி இறந்து போவார், பக்கத்து லயத்துச் சாட்சி பட்டணத்துக்குக் குடிபோய்விடுவார், தோட்டமே விற்கப்பட்டுவிடும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

மலையை ஒரே நாளில் புரட்ட வேண்டாம். இன்று ராத்திரி ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: வீட்டிலுள்ள காகிதமெல்லாம் ஒரே பையில் போடுங்கள். நாளை, எது குறைகிறது என்று பள்ளி ஆசிரியரிடமோ சங்கத் தலைவரிடமோ கேளுங்கள். பிறகு காலண்டரில் ஒரு தேதியை வட்டமிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு குடும்பம் சேர்ந்து, மலாய் நன்றாகப் பேசும் பிள்ளை ஒன்றையும் கூட்டிக்கொண்டு போங்கள். திருப்பி அனுப்பினால், என்ன குறை என்பதை எழுதி வாங்கி, அங்கேயே அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அசல் பத்திரத்தை மட்டும் தரகர் எவர் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.

ஒருநாள் சம்பளம் போனால் அடுத்த மாதம் ஈடுகட்டலாம். பெயரில்லாமல் வளரும் பிள்ளைக்கு எதைக் கொடுத்து ஈடுகட்டுவோம்? பையை இன்றைக்கே எடுங்கள்.