குடல் ரண சிகிச்சையும் தொழிலாளர் உரிமையும்

குடலில் ரண சிகிச்சை செய்துகொண்டவர் வாயு பிரியும்வரை பட்டினி கிடக்க வேண்டும், தையல் விட்டுப்போகாதபடி அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் ஜனங்களிடையே வேரூன்றிக் கிடக்கிறது. ஜனங்களை மட்டும் குறை கூறுவதற்கில்லை; மெத்தப் படித்த வைத்தியர்களும் நெடுங்காலம் இவ்வாறே போதித்து வந்தனர். டென்மார்க் தேசத்து ரண சிகிச்சை நிபுணர் ஹென்ரிக் கேலெட் 1990-களில் இவ்வழக்கங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். நோயாளியைப் படுக்கையிலே பிடித்து வைப்பது காயம் மட்டுமன்று, அதைச் சுற்றிய சம்பிரதாயங்களுமே என்று கண்டார். 1999-இல் அவர் வெளியிட்ட விவரப்படி, பெருங்குடலின் ஒரு பகுதி நீக்கப்பட்ட 16 பேரில் பாதிக்குக் குறையாதோர் இரண்டு நாளில் வீடு திரும்பினர். அன்று உலகம் இதை எளிதில் நம்பவில்லை.

ஈராஸ் என்று இன்று வழங்கும் இம்முறையில் மாயம் ஏதுமில்லை. மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்பு வரை இலகுவான ஆகாரம், இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த பானம். இரைப்பைக் கோளாறு போன்ற காரணம் உள்ளவர்களுக்கு மட்டும் வைத்தியர் விலக்களிப்பார். மூக்கு வழியே குழாயை வழக்கமாகச் செருகுவதில்லை. நரம்பில் ஏற்றும் உப்புநீரை அளந்தே ஏற்றுவர். மிகுந்தால் குடல் வீங்கும். அபின் வகை மருந்தைச் சுருக்கி வலியை வேறு வழிகளில் தணிப்பர். அன்றே எழுந்து உட்காரச் செய்வர். விரைவிலேயே கஞ்சியும் நடையும் தொடங்கும்.

ஆனால் விதிகளில் பாதியைக் கைக்கொண்டு பாதியைக் கைவிட்டால் பலனும் குறைகிறது. ஸ்டாக்ஹோம் நகரில் 953 நோயாளிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவு, விதிகளை எவ்வளவு அதிகம் அனுசரித்தார்களோ அவ்வளவு சிக்கல்கள் குறைந்தன என்பதே.

இதை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தாருக்கு விளக்க வேண்டுமா? இருங்காட்டுக்கோட்டையில் கார்களும் ஒரகடத்தில் லாரிகளும் உருவாகும் வரிசையில், ஒரு திருகாணி விட்டுப்போனால் வண்டி வெளியேறாது. அந்தத் திருகாணியை முடுக்கும் தொழிலாளி நோயுற்றுப் படுத்தால் அவருக்கு மட்டும் பழைய வழக்கம் போதுமென்பது என்ன நியாயம்? ‘நடு இரவுக்குப் பின் ஒன்றும் அருந்தாதே’ என்று பொதுப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். ரண சிகிச்சையோ பிற்பகல் மூன்று மணிக்குத் தள்ளிப்போகிறது. பதினைந்து மணி நேரத் தாகத்தோடு மேஜைக்குப் போகிறார் அந்த மனிதர். இதைத் தடுக்கப் புதிய யந்திரம் வேண்டாம்; அறுவைக் கூடத்திலிருந்து வார்டு நர்சுக்கு ஒரு தகவல் போதும். நிபுணர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. இத்துறைக்கு இந்தியாவில் வழிகாட்டிய பேராசிரியர் ரங்கபாஷ்யம் பணியாற்றியது சென்னையில்தான்.

தொழிற்சங்கத்தார் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. எழுந்து நடப்பது வேறு, ஆலைக்குத் திரும்புவது வேறு. வயிற்றைத் திறந்தவர் பாரம் தூக்கப் பல வாரங்கள் ஆகும். ஈ.எஸ்.ஐ. ஏற்பாட்டில் நோய்க்காலத்திற்கு வருஷத்தில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் தருவது இத்தகைய ஓய்வுக்காகவே. ‘மூன்றாம் நாளே வீடு வந்தாயே, வேலைக்கு வா’ என்று காண்டிராக்டர் அழைப்பாராயின், விஞ்ஞானம் தந்த நன்மை தொழிலாளிக்கே விலங்காக மாறிவிடும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் இம்முறையின் பெயரால் படுக்கையைக் காலி செய்யச் சொல்லலாகாது. நோயாளி உண்கிறாரா, நடக்கிறாரா, மாத்திரையிலேயே வலி அடங்குகிறதா என்று பார்த்த பின்பே அனுப்ப வேண்டும் என்பதும் அம்முறையின் விதிதான்.

மேலும், வீடு என்பது எது? ஒடிஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்து, ஓர் அறையில் பலராய்த் தங்கி, ஷிப்டு மாறிமாறித் தூங்குவோர் இங்கே எத்தனை பேர்! இணைத்த குடல் கசியுமானால் சில நாள் கழித்தே காய்ச்சலும் வயிற்று வலியும் நாடித் துடிப்பின் வேகமும் தோன்றக்கூடும். அறைத் தோழர்கள் வேலைக்குப் போன வேளையில் அதைக் கவனிப்பார் யார்? ஆகவே, அபாயக் குறிகளைத் தமிழிலும் ஹிந்தியிலும் ஒரியாவிலும் அச்சிட்ட தாள், இரவிலும் பதில் சொல்லும் ஒரு டெலிபோன், மறுநாளே விசாரிக்கும் நர்சு ஆகிய மூன்றும் இல்லாமல் எவரையும் அனுப்பக் கூடாதென்று ஈ.எஸ்.ஐ. நிர்வாகத்தையும் மாகாண சர்க்காரையும் வற்புறுத்துகிறோம். எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை விதிகள் நிறைவேறின என்ற கணக்கை ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் வருஷந்தோறும் வெளியிடட்டும். சங்கங்கள் அதைக் கேட்டு வாங்கட்டும்.